மோட்டாருக்குக் குளிருமாம்

அன்பு மகன் ஜாவ்லோனுக்கு, நமங்கானிலிருந்து அம்மா எழுதுறது. நாங்க எல்லாரும் சுகமா இருக்கோம், சுகமில்லாம இருந்தது நீ கொரியாவிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த தண்ணி மோட்டார் மட்டும்தான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா கண்ணு?

பனி விழ ஆரம்பிச்சதுலேருந்து அதுக்கு ஒரு வியாதி. குழாயைத் திறந்தா கொட்டோ கொட்டுன்னு கொட்டும், குளிச்சு முடிக்கறதுக்குள்ள மூச்சு நின்னுபோகும், ரொம்ப நேரம் கழிச்சுத் தானா உயிர் வரும். உங்கப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டினவராச்சே, எனக்குத் தெரியாத எஞ்சினான்னு மோட்டார் மேல காதை வச்சுக் கேட்டார். என்ன சொல்லுச்சுன்னு கேட்டா, அதெல்லாம் உனக்குப் புரியாதுன்னுட்டார். இந்த நேரம் பார்த்துத்தான், ஞாயித்துக்கிழமை உன் தங்கச்சி நர்கிஸாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. பையனோட அம்மா ஹோலிதா லேசுப்பட்டவங்க இல்லை, ஒரு வீட்டுல ரொட்டி கருகியிருந்துச்சுன்னும் இன்னொரு வீட்டுல முற்றம் சரியாக் கூட்டலைன்னும் எழுந்து வந்தவங்க. நம்ம பொண்ணுக்கு அந்தப் பையன்னா உசுரு.

உஸ்தா ரவ்ஷனைக் கூப்பிட்டோம், ரிப்பேர் வேலையில அவரை விட்டா இந்தத் தெருவுல ஆள் கிடையாது. வந்தவருக்கு டீ ஊத்தாம வேலையைப் பேசினா ஊர் என்ன சொல்லும்? ரொட்டி, டீ, உன் சம்பளம், உன் கல்யாணம் எல்லாம் விசாரிச்சு ஒருவழியா எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டா, தண்ணி பீறிட்டு அடிக்குது! வந்ததுக்கு அடையாளமா பிரஷர் ஸ்விட்சை மாத்திட்டுப் போனார். அவர் தலை மறைஞ்சதும் நின்னுச்சு. மறுபடி வந்தார், மறுபடி டீ, புலாவு, மறுபடி தண்ணி பொங்குது, வால்வை மாத்தினார். அடுத்த தடவை, யாரோ கண்ணு வச்சிருக்காங்கன்னு சொல்லிட்டு கறி வச்சுச் சுட்ட சம்சாவை ஒரு கை பார்த்துட்டுப் போனார். உங்கப்பா உடனே வரமிளகாயைக் கோத்து மோட்டார்ல தொங்கவிட்டார்.

ஞாயிறும் வந்துச்சு. விருந்தாளி கைக்கு ஜாடியில தண்ணி ஊத்துறதுதானே நம்ம மரியாதை? உங்கப்பா விட்டாரா, எங்க வீட்டுல குழாய்லயே அருவி மாதிரி வரும்னு பீத்திக்கிட்டார். ஹோலிதா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்ட நேரம் பார்த்து நின்னுபோச்சு. நர்கிஸா முகத்துல ஈயாடலை. அந்தம்மா சோப்புக் கையோட நேரா மோட்டார் இருக்கற கொட்டகைக்கு நடந்துட்டாங்க, நாங்க பின்னாலயே ஓடினோம். அங்க பார்த்தா, உன்னோட நீலப் பஞ்சு அங்கி! மோட்டாருக்கு இறுக்கிப் போர்த்தி, இடுப்புக் கச்சை கட்டி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருக்கு. தொட்டா அனலாக் கொதிக்குது. சூடு தாங்காமத்தான் அது நின்னு நின்னு போயிருக்கு. உஸ்தா கேலி பண்ணுவாரேன்னு, அவர் வர்றதுக்கு முன்னாடி கழட்டி ஒளிச்சு வச்சிருக்கார் உங்கப்பா. உஸ்தா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மோட்டார் ஆறிடும், போனதும் மறுபடி போர்த்தல். இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல!

இது என்ன வேலைன்னு அந்தம்மா கேட்டாங்க. உங்கப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, என் மகன் அங்க பனியில நின்னு சம்பாதிச்சு வாங்கினது, இதுவும் பனியில நிக்கணுமான்னு மனசு கேக்கலைன்னார். திட்ட வந்த நான் அங்கியோட கச்சையை அவிழ்க்க ஆரம்பிச்சேன். ஹோலிதா சோப்புக் கையைத் தன் முக்காட்டிலேயே துடைச்சுக்கிட்டு உள்ள வந்து, ரொட்டியை எடுங்க, நம்ம வழக்கப்படி பிச்சு நிச்சயம் பண்ணிடலாம், மோட்டாருக்கே இந்தப் பாசம்னா பொண்ணை எப்படி வளர்த்திருப்பீங்கன்னு தெரியுதுன்னாங்க.

இப்ப தண்ணி நிக்கறதேயில்லை. உஸ்தா மட்டும், எல்லாம் தன் கைராசின்னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறார். வசந்தத்துல கல்யாணம், லீவு இல்லைன்னு சாக்குச் சொல்லாம வந்து சேரு. நல்லா இரு ராசா, போற இடமெல்லாம் உனக்கு நல்லவங்களே வாய்க்கட்டும்.

இத்தோட அந்த அங்கியை அனுப்பியிருக்கேன். உள்பக்கம் கொஞ்சம் பொசுங்கியிருக்கு, ஒட்டுப் போட்டிருக்கேன். கழுத்துப் பொத்தானை மறக்காம போட்டுக்கச் சொல்லி அப்பா எழுதச் சொன்னார்.

உன் அம்மா,
மொஹிரா