மிளகாய்க்குப் பின் கேழ்வரகு

குரும்பலூர்,
ஞாயிறு

மலர்கொடிக்கு, பிச்சைமுத்து எழுதுவது. இங்கே நான் சுகம். போனில் மில் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய்; அதனால் எழுதுகிறேன். பிரவீணா வீட்டில் ஓசூர் குளிர் உன் மூட்டுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நம் மாவு மில்லுக்குப் புது மீட்டர் மாட்டிவிட்டார்கள். வெயில் நேரத்தில் கரண்டுக்கு ஒரு விலை, விளக்கு வைத்த பிறகு கூடுதல் விலை. பேப்பரில் படித்தேன். கரண்டு இப்போது சந்தைச் சரக்காம். தனியாரும் விற்கலாமாம். பகலில் சோலார் கரண்டு மலிந்து கிடக்கிறதாம், சாயங்காலம் தட்டுப்பாடாம். கத்தரிக்காய் விலை ஏறினால் அவரைக்காய் வாங்குவேன். கரண்டுக்குப் பதில் எதை வாங்குவது? கரண்டு ஆபீசில் கேட்டேன். அங்கிருந்த தம்பி, "பகல்லயே ஓட்டுங்களேன் பெரியவரே" என்றார். பகலில் ஊரே பருத்திக் காட்டில் கிடக்கிறது. மலிவான நேரத்தில் ஆள் இல்லை. ஆள் வரும் நேரத்தில் மலிவில்லை.

அரவைக் கூலியை ஏற்று, இல்லையென்றால் மில்லை மூடு என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டையும் நான் செய்யவில்லை. டின்களைக் காலையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லி, நடுப்பகலில் தனியாக அரைக்கிறேன். மிளகாயைக் கடைசியில்தான் அரைப்போம். ஒரு நாள் மிளகாய் டின் முன்னால் இருந்தது, அரைத்துவிட்டேன். நீயாக இருந்தால் ஒரு கைப்பிடி நொய்யை ஓட்டி மெஷினின் காரத்தை எடுத்திருப்பாய். எனக்குத் தோன்றவில்லை. அடுத்துக் கொட்டியது பச்சையம்மாளின் கேழ்வரகு, பேரனுக்குக் கூழ் காய்ச்ச. ஒரு வாய்க்கே பிள்ளை வீறிட்டிருக்கிறான்.

சாயங்காலம் மாவோடு வந்து நின்றாள். "ஏன் மாமா, கூழுக்குக் குடுத்தா கொழம்புக்கு அரைச்சு வச்சிருக்கீங்க! அக்கா இருந்தா இப்புடி ஆவுமா? ரெண்டு ரூவா கூடக் கேளுங்க, தர்றோம். மொதல்ல அக்காவ அழைச்சிட்டு வாங்க" என்றாள். பஞ்சு எடுக்கிறவளிடம் கூடுதல் கூலி வாங்க மாட்டேன் என்றேன். வேறு கேழ்வரகு அரைத்துக் கொடுத்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறான்.

தப்பு என்னுடையது இல்லை. எப்போதும்போல் சாயங்காலம் மில் ஓடியிருந்தால் வரிசை மாறியிருக்காது. ஆனாலும் அதற்குப் பிறகு பச்சையம்மாள் டின் வரவில்லை. மற்றவர்கள் மாவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போகிறார்கள். என் கண் முன்னாலேயே.

அடுத்த வாரம் வியாழன் முகூர்த்த நாள், பஸ்ஸில் இடம் கிடைக்காது. புதனே கிளம்பு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வந்து கூலிப் பலகையில் என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

பிச்சைமுத்து