பாப்பாவுக்கு யார் கொடுத்தது

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மேற்கே மலையில் சாரல், இங்கே ராஜபாளையத்தில் வெறும் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் மண். பாப்பா துணி மட்டும் பதினொன்று. பாதியை மறுபடி அலசினேன்.

மலம் சரியில்லை. இத்தனை நாள் கடுகு அரைத்த மாதிரி மஞ்சள், பெரிதாக நாற்றமும் இருக்காது. இன்று பழுப்பு. பிசுபிசுப்பு. பெரியவர்கள் போனது போல நாற்றம். மூன்று முறை சோப்புப் போட்டும் விரல் இடுக்கில் வாடை போகவில்லை. மதியம் சோறு இறங்கவில்லை.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்து ஒரு நாள். என் பாலைத் தவிர எதுவும் தந்ததில்லை. தண்ணீர்கூட.

வாங்க வேண்டியது: டெட்டால், சோப்பு, கொடி கிளிப்.

ஜூலை 18, வெள்ளி

விடிந்ததிலிருந்து ஆறு முறை. சளி சளியாக. பாப்பா சோர்ந்து கிடந்தாள். அவர் காலை ஷிப்ட், மில்லுக்குப் போயாச்சு. ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையம்.

பெஞ்சில் பக்கத்தில் ஒருத்தி. பிள்ளை கக்கியதை முந்தானையால் துடைத்தாள், அதே முந்தானையால் தன் வாயையும் துடைத்தாள். நான் தள்ளி உட்கார்ந்தேன்.

டாக்டர் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் ஒரு மருந்தும் எழுதினார். பாலை நிறுத்தக் கூடாது. பால் குடிக்க மறுத்தால், கண் குழி விழுந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

வெளியே நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா குடுத்த?"

"பால் மட்டுந்தான் சிஸ்டர்."

"நெசத்தச் சொல்லு. வைய மாட்டேன்."

"சாமி சத்தியமா."

"அப்ப நீ குடுக்கல. வீட்டுல வேற யாரோ குடுக்காக. போயி விசாரி."

சோறு எப்போது தொடங்கலாம் என்று நர்ஸ் சொன்னதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்தது: 6 மா. முடியணும். தலை நிக்கணும். பிடிச்சா உக்காரணும். வாயில வைச்சதை நாக்கு வெளிய தள்ளாம இருக்கணும். முதல்ல சோறு பருப்பு மசிச்சு ஒண்ணு ரெண்டு ஸ்பூன். ஸ்பூனைச் சாய்ச்சா ஓடக்கூடாது, அந்தப் பதம். புதுசா ஒண்ணு குடுத்தா மூணு நாள் பாக்கணும். ஒரு வயசு வரை உப்பு, சீனி, தேன் கூடாது. பால் தொடரணும்.

யாரோ கொடுக்கிறார்கள். என் வீட்டில்.

ஜூலை 19, சனி

இன்று நான்கு முறை. பரவாயில்லை.

இந்த வாரம் பாப்பாவைத் தூக்கியவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். நான், அவர், அவருடைய அக்கா செல்வி மதினி. மதினி அடுத்த தெரு. நான் குளிக்கும்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்வது மதினிதான். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் மதினி இட்லியை மென்று, கூழாக்கி, விரலில் எடுத்துத் தன் சின்ன மகன் வாயில் வைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே எனக்குப் பந்தியில் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் மதினி வந்தார். பாப்பாவைத் தூக்கக் கை நீட்டினார். நான் பாப்பாவை இழுத்துக்கொண்டேன்.

"உங்க எச்சிய எம்பிள்ளை வாயில வைக்காதீங்க மதினி."

"என்னட்டி சொல்லுத?"

"மென்னு குடுத்தீங்கல்ல? அதான் ஆறு தடவ போச்சு."

"நானா? நானாட்டி குடுத்தேன்?"

நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. மதினி என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு செத்த நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

சரியாகத்தான் கேட்டேன்.

ஜூலை 21, திங்கள்

இரண்டே முறை. மஞ்சள். பாப்பா சிரித்தாள்.

இந்தத் தெருவில் இருக்கப் பிடிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன், அம்மா வீட்டுக்கு. பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாள் பால்கோவா டப்பாவைத் திறந்தார். கட்டை விரலில் ஒரு துளி. நகத்துக்குள் கறுப்பு.

"இந்தா கண்ணு, நாக்குல தடவிக்க."

"வேண்டாங்க."

"சீவில்லிபுத்தூருக்குப் போற பிள்ளை, பால்கோவா திங்காமயா?"

அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். மடவார் வளாகம் ஸ்டாப் வந்து சேரும்வரை அந்த அம்மாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் என் பிள்ளை வாய்தான் கிடைத்ததா.

ஜூலை 27, ஞாயிறு

எப்படி எழுதுவது.

அவர் பாப்பாவைப் பார்க்க வந்தார். அம்மா டீயும் பிஸ்கட்டும் வைத்தாள். பாப்பா அவர் மடியில். அவர் பிஸ்கட்டை டீயில் முக்கினார். உடனே பாப்பா துள்ளினாள். வாயை அகலமாகத் திறந்து, கழுத்தை நீட்டி, குருவிக் குஞ்சு மாதிரி. அவர் கை தானாகப் பாப்பா வாய்க்குப் போய், பாதியில் நின்றது. நனைந்த பிஸ்கட் உடைந்து பாப்பா காலில் விழுந்தது.

நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"எத்தன நாளா?"

"ஒரு இருவது நாளு இருக்கும். காலைல நீ அசந்து தூங்குவ. அது என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கும் சுதா. பாவமா இருக்கும்."

"சரி. மதினிய நான் அம்புட்டுப் பேச்சு பேசுனேனே, அப்ப?"

"நீ கோவத்துல இருந்த."

"அதனால?"

"ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான? அக்கா ஒண்ணும் நெனைக்க மாட்டா."

சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார். அடியில் ஊறிக் கிடந்த பிஸ்கட் கசடையும் உறிஞ்சினார். அந்தச் சத்தம். மீசையில் ஒட்டிய துணுக்கு. எனக்கு உமட்டியது. பாப்பா துணியைத் துவைக்கும்போதுகூட இப்படி உமட்டியதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ராஜபாளையம் திரும்பியாச்சு. அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா என்றேன். "சொல்லலாம், சொல்லலாம்" என்றார். நானே போனேன்.

மதினி நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தவில்லை. நின்றபடியே சொன்னேன். அப்போதுதான் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"எனக்குத் தெரியும்."

"எப்படி மதினி?"

"ஒரு நா காலைல வெள்ளன பால் பாக்கெட்டு குடுக்க வந்தேன். மடியில வச்சு ஊட்டிக்கிட்டு இருந்தான். வேணாம்லன்னு வஞ்சேன். இனிமே குடுக்க மாட்டேன்னான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் சொல்லுவான்னு நின்னேன். செத்த நேரம் நின்னேன்ல?"

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"பிள்ளைக்கு முடியல, கேட்ட. அதுல தப்பில்ல. எச்சின்னு சொன்ன பாத்தியா. தெருவே கேட்டுச்சு."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாப்பா தலையணைச் சாய்மானத்தில் நன்றாக உட்காருகிறாள். 16 அன்று ஆறு மாதம் முடிகிறது. "ஆடியில சோறு ஊட்டக்கூடாது, ஆவணி பொறக்கட்டும்" என்கிறார் அவர். ஒரு நாள்தான் வித்தியாசம், சரி என்றேன். அவரிடம் இந்த வாரம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. வெயில். சொந்தக்காரர்கள் பதினைந்து பேர். ஆளாளுக்கு ஒன்று: சோற்றில் தேன் விடு, நெய் விடு. சோறும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து மசித்தேன், அவ்வளவுதான்.

"உப்பு கொஞ்சம் போடலாம்ல?" அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மதினி வந்தார். வாசல்படியிலேயே நின்றார். இரண்டு கைகளையும் எல்லோரும் பார்க்க விரித்துக் காட்டினார்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மாளும்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"மதினி எதுவும் குடுக்கல. இவருதான் டீயில பிஸ்கட்ட முக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. நான் மதினிய வஞ்சப்ப வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

அவர் முகம் கறுத்தது. மதினி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்தார்.

பிறகு ஊட்டினேன். முதல் ஸ்பூன் வெளியே. இரண்டாவதும் வெளியே. மூன்றாவதில் தும்மல்; சோறும் சளியுமாக என் கன்னத்தில், பட்டுச்சேலையில். ஸ்பூனை மதினியிடம் நீட்டினேன்.

"நீயே குடு," என்றார். ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கூட்டம் போனதும் அவர் சொன்னார்: "என்னைய இப்படி அசிங்கப்படுத்திட்டியே."

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அவருக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். பத்து மணிக்கு முன்ரூமில் ஷேவ் செய்துகொண்டிருந்தார். பாப்பா தூங்கி எழுந்த முகம், நல்ல குணம். புதிதாக மசித்தேன். அரை ஸ்பூன். நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தாள். முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள். தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். மறுபடி வாயைத் திறந்தாள்.

இரண்டு ஸ்பூன். துப்பவே இல்லை.

"என்ன, திங்குதாளா?" முன்ரூமிலிருந்து கேட்டார்.

நான் பாப்பா வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவப் போனேன்.