வலது கைக்குப் பத்தியம்

14.3.1983

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாகிவிட்டது. பஸ் கதவில் நசுங்கித் தோல் உரிந்த வலது கையில், தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அது பிடித்துக்கொண்டால் பழையபடி கண்டக்டர் வேலை. இல்லையென்றால் மறுபடி ஆபரேஷன், அப்புறம் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஜெலுத்தோங் போகும் பஸ்ஸில் என்னைப்போல் வேகமாக டிக்கெட் கிழிக்க எந்த ஆம்பளையாலும் முடியாது. இப்போது இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டினது போல் இருக்கிறது.

15.3

டாக்டர் குலசேகரம் வைட்டமின் சி, வைட்டமின் ஈ இரண்டும் கொடுத்திருக்கிறார். "புண் ஆற உதவும். ஆனா மாத்திரை மட்டும் போதாது, மீன், முட்டை, பழம் ஒண்டும் விடாமச் சாப்பிடுங்கோ" என்றார்.

வீட்டில் என்னைக் கவனித்துக்கொள்ளும் என் பத்மாவதி அக்காவிடம் இது எடுபடுமா? "மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்லா. புளிப்பு ஆகவே ஆகாது." வைட்டமின் சி மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இதுவும் புளிக்குதே!" புட்டி அலமாரி உச்சிக்குப் போய்விட்டது.

18.3

கஞ்சி. சுட்ட அப்பளம். கஞ்சி.

22.3

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த நர்ஸ், மிஸ்ஸி சபூராவின் முகம் மாறியது. "ஓரம் இன்னும் பிடிக்கலக்கா. வீட்ல பத்தியமா? எங்க உம்மாவும் இப்படித்தான். சரியா சாப்பிடலன்னா மறுபடியும் தோல் எடுக்க வேண்டி வரும்."

வீட்டுக்கு வந்து கத்தினேன். இது யாரு கை? என் கை! போனா யாரு சோறு போடுவா? நாற்காலி போட்டு ஏறி, நானே புட்டியை எடுத்தேன். பாசார் சந்தையில் வாங்கிவந்த கெம்போங் மீனைப் பொரித்து அக்கா எதிரிலேயே உட்கார்ந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இடது கையால் நான் திண்டாடுவதைப் பார்த்து, முள் எடுத்து வைத்தாள்.

9.4

அக்கா இன்னும் பேசவில்லை. மீன் மட்டும் தினமும் வருகிறது.

26.4

பிடித்துவிட்டது! ஓரமும்தான். டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். மடக்கினேன். நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது, இருக்கட்டுமே. வழியெல்லாம் கையை மறைக்காமல் நடந்து வந்தேன். எனக்கே என்மேல் அவ்வளவு பெருமை.

11.7

மறுபடி பஸ்ஸில். வலது கையால் எழுதுகிறேன்.

பாசார் ஸ்டாப்பில் அக்கா ஏறினாள். டிக்கெட்டைச் சட்டென்று கிழித்துக் கொடுத்தேன். உடனே பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ஆரம்பித்துவிட்டாள்: "என் தங்கச்சி. அந்தக் கையைப் பாருங்க. எல்லாம் நான் போட்ட பத்தியம்லா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தேன். அக்கா பேசிக்கொண்டே கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் காசுப்பையில் போட்டாள்.