கொசுவுக்கு ஒரு கிண்ணம் சூப்

ஜூன் 2, திங்கள்

பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு மாடிச் சமையலறையில் இன்று மாலை ஒரு பூசணிக்காய் காலமானது. அன்னாரின் உடல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, வேகவைக்கப்பட்டு, சூப்பாக நல்லடக்கம் செய்யப்பட்டது. அஞ்சலி செலுத்தியவர்கள் நானும் என் நண்பன் நெட்டையும். மலர் வளையம் வேண்டாம், உப்பு அனுப்பினால் போதும்.

நெட்டை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது சூப்பாடா, பூசணிக்கா குளிச்ச தண்ணியா?" என்றான்.

"உன்னைவிட அது அடிக்கடி குளிக்குது. மூடிட்டுக் குடி."

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். என் தங்கைக்கு நான்கு எதிரிகள்: கோதுமை, பால், முட்டை, கொட்டை வகைகள். எங்கள் அப்பா கீழே பேக்கரி வைத்திருக்கிறார். அவர் விற்பது என்ன? கோதுமை, பால், முட்டை, கொட்டை வகைகள். கடவுளுக்கு என்னைவிடக் குசும்பு அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விரல் அளவு கிரீம் அவள் வாயில் பட்டது. முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அப்போதிலிருந்து அவளும் அம்மாவும் சித்தி வீட்டில், அடுத்த ஊரில். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. மாவு பிரித்த குடும்பம் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூங்கா பெஞ்சில் நான்கு பேரும் ஒன்றாக உட்காருவோம். அப்பா குளித்துவிட்டு, பாலிதீன் பைக்குள் கட்டி வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்.

நேற்று பூங்காவில் தங்கை கேட்டாள், "அண்ணா, என் கட்டில் இன்னும் அங்கதான இருக்கு?"

"அதை வித்து நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டேன், கொசு."

முதுகில் ஒன்று வைத்தாள். (காதருகே ஓயாமல் ரீங்காரம் போடுவதால் கொசு. ஒன்பது வயதுக் கொசு.) அம்மா சிரிக்கவில்லை. "முதல்ல அந்த வீட்ல ஒரு வேளை அவ பயமில்லாம சாப்பிடட்டும். தங்குறதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றாள்.

"இருபத்திரண்டாம் தேதி வாங்க. நானே சூப் வைக்கிறேன்" என்று வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

"நீ வச்சா பயந்துதான் சாப்பிடணும்" என்றது கொசு.

ஜூன் 5

சூப் கட்டி என்று கடையில் விற்கிறார்களே, அதை வாங்கினேன். அட்டையின் முன்னால் சிரிக்கும் கோழி. பின்னால் எறும்பு எழுத்தில் கோதுமை, பால். நானே இவ்வளவு மோசடி செய்ததில்லை. கட்டியை நெட்டையிடம் கொடுத்துவிட்டு, கோழி எலும்பை வாங்கிக் கொதிக்கவிட்டேன்.

மாவும் கிரீமும் இல்லாமல் சூப் எப்படிக் கெட்டியாகும்? உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, திரும்பவும் அதிலேயே கலக்க வேண்டும். முழுக்க முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு. இந்த மூளையை யாருக்கு எழுதி வைப்பது என்றுதான் கவலை.

ஜூன் 9

கேரட் சூப். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சோகம்.

ஜூன் 14

வீட்டைக் கழுவினோம். மாவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது - திரைச்சீலை மடிப்பில், மின்விசிறி இறக்கையின் மேல், மரக்கரண்டியின் கீறலில். மரக்கரண்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எவர்சில்வர் பாத்திரம், கரண்டி, காய் வெட்டும் பலகை வாங்கினோம். மாவு படாத இடம் கொசுவின் அறைதான். எல்லாவற்றையும் துணியில் சுற்றி அவள் கட்டிலில் படுக்க வைத்தோம்.

அப்பா வாசற்படியிலேயே நின்றார். அந்த அறைக்குள் அவர் போவதில்லை. "கட்டில்ல சட்டியப் போட்டிருக்கோம்னு தெரிஞ்சா கோவிப்பாடா."

"வந்து கோவிக்கட்டும்பா."

அப்பா தலையாட்டிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார்.

ஜூன் 21

நாளை. கோழி எலும்புச் சாறு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், ஊறவைத்த பட்டாணி, கெட்டியாக்க உருளைக்கிழங்கு. எட்டு தடவை செய்து பார்த்தாகிவிட்டது. நெட்டையே இரண்டாவது கிண்ணம் கேட்டான். சமையல் உலகமே, எழுந்து நில்.

ஜூன் 22, ஞாயிறு

வந்தார்கள். கொசு ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்தாள். அம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள், முகர்ந்தாள், மூடினாள். எதையும் திரும்பக் கழுவவில்லை. அதுவே பாராட்டு.

கடைக்கு விடுமுறைதான். ஆனால் நாளைக்கான மாவு கீழே பொங்கி வழிகிறது என்று அப்பா இறங்கிப் போனார். ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தவர் சூப் சட்டியைத் திறந்தார், வாசனை பிடித்தார், சிரித்தார். இரண்டு உள்ளங்கையையும் தட்டி உதறினார்.

எந்தப் பாத்திரத்துக்கு முன்னால் நின்றாலும் அப்பா அப்படித்தான் செய்வார். இருபது வருஷப் பழக்கம். அவருக்கே தெரியாது. ஜன்னல் வெயிலில் வெள்ளையாக ஒரு புகை எழுந்து, மெதுவாகச் சட்டிக்குள் இறங்கியது. நான் மட்டும்தான் பார்த்தேன்.

அதற்குள் அம்மா கிண்ணத்தில் ஊற்றிவிட்டாள்.

"சாப்பிடாத, மாவு விழுந்துடுச்சு" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டான்" என்று கொசு ஸ்பூனை எடுத்தாள்.

"இன்னிக்காவது விளையாடாம இருடா" - அம்மா.

யார் நம்புவா என்ன? என் பொழப்பே அப்படி. கிண்ணத்தப் பிடுங்கினேன். சட்டியையும் தூக்கி மொத்தத்தையும் தொட்டியில கொட்டினேன். கையில சுட்டுடுச்சு. அம்மா கத்தினா. அப்பாவோட கையத்தான் பார்த்துட்டு நின்னேன். அப்புறம் அவரும் பார்த்தார்.

"நான்தான். கையத் தட்டிட்டேன்" என்றார். வேறு யாரோ செய்ததைச் சொல்வது போல.

அம்மா பைக்குள்ளிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். கொண்டுவந்திருக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறாள். கொசு அதைத்தான் சாப்பிட்டாள். பஸ் ஏறும்போது என்னிடம், "வாசனை சூப்பரா இருந்துச்சு அண்ணா" என்றாள். பஸ் திரும்பும்வரை சுடாத கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23

பட்டாணி மிச்சம் இருக்கிறது. யாருக்கு?

ஜூன் 29

இன்று பூங்காவில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அன்னிக்குத் திட்டிட்டேன். கை எப்படி இருக்கு?"

"தோல் உரிஞ்சு புது மாடல் வந்திருக்கு."

சிரித்துவிட்டாள். பிறகு, "ரெண்டு வருஷமா நான் ஒருத்திதான் அவ தட்டையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன். இன்னொருத்தன் பாக்குறான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

அப்பா மாடிப்படிக்குக் கீழே ஒரு குழாய் போட்டுவிட்டார். கடைச் சட்டைக்கு அங்கேயே ஆணி. குளிக்காமல் முதல் படியில் கால் வைப்பதில்லை. மாடிக்கு வந்தாலும் சமையலறைப் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார், தலைமை ஆசிரியர் மாதிரி. எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

ஜூலை 12, சனி

அம்மாவும் கொசுவும் இனி சனி, ஞாயிறு இங்கேதான். கொசு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னது: "உப்பு கம்மி. ஆள் பரவாயில்ல."

"எல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு" என்று ஆரம்பித்தேன்.

"எதுடா சொந்தம்? உருளைக்கிழங்க மசிக்கச் சொன்னது யாரு? தினமும் போன் பண்ணிப் பட்டாணி எவ்வளவு நேரம் ஊறணும்னு கேட்டது யாரு?" என்று அம்மா போட்டு உடைத்தாள்.

"தினமுமா? அவ்வளவு மக்கா நீ?" என்று கொசு புரையேறச் சிரித்தாள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன். மானம் போனால் போகட்டும்.

பட்டாணி ராத்திரி முழுக்க ஊற வேண்டும். அது எனக்கு முதல் நாளே மனப்பாடம். அம்மா அதைச் சொல்லி முடித்துவிட்டு, போனை வைக்கும் முன், "நீ சாப்பிட்டியாடா?" என்று கேட்பாள். அதற்காகத்தான் கேட்டேன், ஒவ்வொரு நாளும்.