கிராமபோன் பெட்டியில் காட்டன் புடவைகள்

அக்டோபர் 14, செவ்வாய்

மழை இன்னும் இல்லை. வடக்கே கறுத்து, மதியத்துக்குள் வெளுத்துவிட்டது. உப்பளத்தில் ஒரு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. குழாய் அடியில் தண்ணீர் உறிஞ்சுகிற ஃபுட்வால்வில் நண்டு. எடுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் குட்டியானை வண்டி. ஆரோவிலில் என் மனைவி லூர்து சமையல் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரம்மா சொந்த ஊருக்கே திரும்பிப் போகிறாராம். சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார். நமக்கு வந்தது ஒரு பழைய கிராமபோன் பெட்டி. இடுப்பு உயரம். மேலே மூடி, நடுவில் சின்னக் கதவு இரண்டு, கீழே பெரிய கதவு இரண்டு. டிரைவர் சொன்னது: "லூர்தம்மா இத கேட்டு வச்சிருந்தாங்களாம். அவங்க வீட்டுக்குத்தான் போவணும்னு மேடம் சொல்லிட்டாங்க."

கேட்டு வைத்தவள் செத்து, வருகிற மூன்றாம் தேதியோடு ஒரு வருஷம். இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடினேன். ரசம் வைத்தேன். உப்பு அதிகம். அதையே சாப்பிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

காற்று. புழுக்கம்.

மகள் ஜாஸ்மின் வந்தாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வேலையை விட்டாச்சு. சென்னையில் நர்ஸ் வேலை, நாலாம் தேதி கிளம்புகிறாள். அதுவரை இங்கே. வந்ததும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாதா சுரூபம் வைக்கத்தாம்பா அம்மா இத கேட்டாங்க. எங்கிட்ட சொல்லியிருக்குறாங்க."

என்னிடமும் சொல்லியிருப்பாள். ஞாபகம் இல்லை.

ஜா. போட்ட திட்டம்: உள்ளே இருக்கிற மெஷினை எல்லாம் எடுத்துவிட வேண்டும். மூடியைத் திறந்தால் சுரூபம், பக்கத்தில் அம்மா போட்டோ. வருஷப் பூசை முடிந்து ஃபாதர் வீட்டுக்கு வந்து மந்திரிக்க வேண்டும். சரி என்றேன். இந்த வருஷம் முழுக்க எல்லாவற்றுக்கும் சரிதான். வேறு வார்த்தை வருவதில்லை.

பெட்டியின் நிலை:
நீல பெயின்ட், யாரோ புண்ணியவான் அடித்தது, மூன்று கோட்டாவது இருக்கும்
பின்பலகை கரையான்
கீல் துரு, மூடி நிற்கவில்லை
பாட்டு எடுக்கிற கை, ஊசி, ஒன்றும் கிடையாது
தட்டு இருக்கிறது
மோட்டார் இருக்கிறது, இறுகிவிட்டது

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரெல்லாம் வெடி. எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. ஜா. இரண்டு, நான் ஒன்று.

பெயின்ட் சுரண்டினேன். நீலத்துக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே நல்ல தேக்கு. தேக்கு தெரிந்தபோது சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. படவில்லை. உப்புத்தாள் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 22, புதன்

தூறல், அரைமணி நேரம். மேஸ்திரி பயந்து உப்புக் குவியலுக்கு ஓலை போடச் சொன்னார். பிறகு வெயில்.

கிராமபோன் மோட்டாரைக் கழற்றினேன். கரண்டு கிடையாது, கையால் சாவி கொடுக்கிற ஸ்பிரிங். இறுக்கத்தோடு திறந்தால் விரலைக் கொண்டுபோய்விடும். மெதுவாகத் தளர்த்தினேன். உள்ளே பழைய கிரீஸ் மெழுகு மாதிரி. டீசலில் ஊறப் போட்டாச்சு.

இதை இப்படியே எடுத்து மூலையில் போட்டிருக்கலாம். ஜா. கேட்டது அதுதான். ஆனால் எங்கள் வேலையில் ஓடாத மோட்டாரை எடுத்து வைக்கக் கூடாது. மழைக்கு முன்னால் உப்பளத்து மோட்டாரை எல்லாம் ஓடவிட்டு, குறை பார்த்து, கிரீஸ் போட்டு, துணி சுற்றித்தான் வீட்டில் வைப்போம். குறையோடு வைத்தால் தை மாதம் எடுக்கும்போது இரும்புக் கடைக்குத்தான் போகும். அளத்துக் காற்று அப்படி. கை தானாகவே அதைச் செய்கிறது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

காசிம் பாய் கூனிமேட்டிலிருந்து வந்தார். பாலிஷ் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கரையான் தின்ற பலகையை மாற்றி, கீலும் பித்தளையில் போட்டுக் கொடுத்தார். அரக்கு பாலிஷை நீயே போட்டுக்கொள் என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "ஏம்பா சூசை, காலையில பத்து மணிக்கு மேல, வெயில் ஏறுனப்புறம் போடு. சாயங்காலம் தொடாத. கடல் காத்துல வெளுத்துப் பூத்துடும்."

சாயங்காலம்தான் நேரம் இருந்தது. போட்டேன். பூத்துவிட்டது.

ஜா. பார்த்துவிட்டு, "பாய் அவ்ளோ சொன்னாரே" என்றாள். ஆமாம், சொன்னார். கேட்டேன். காதோடு நின்றுவிட்டது.

அக்டோபர் 27, திங்கள்

மோட்டார் ஓடியது. சாவி கொடுத்தேன், தட்டு சுற்ற ஆரம்பித்தது. பாட்டு இல்லை, சத்தமே இல்லை. சும்மா சுற்றியது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நின்றது. திரும்பச் சாவி கொடுத்தேன்.

எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ, ஜா. பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"அது சுத்தி இப்ப என்னா ஆவப்போவுது? அம்மா போட்டோவுக்கு எடம் கேட்டா நீ மோட்டார் ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்குற."

"ஓடவிட்டுத்தாம்மா எடுத்து வைக்கணும்."

"உனக்கு மோட்டார்தான்பா எல்லாம்."

கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள். கோபப்பட்டிருக்கலாம்.

அக்டோபர் 29, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் ஜா. கல்லறை சுத்தம் செய்யக் கோவில் ஆட்களோடு போயிருந்தாள். நான் கிராமபோன் மோட்டாரை நிரந்தரமாக வெளியே எடுத்தேன். நாலு ஸ்க்ரூ. கிரீஸ் போட்டாச்சு. சுற்றத் துணி வேண்டும். மோட்டார் சுற்ற எப்போதும் காட்டன் புடவைதான். நைலக்ஸ் போட்டால் உள்ளே வேர்க்கும். ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் கிரீஸ் போட்டு முடிக்கும்போது மோட்டார் பக்கத்தில் ஒரு பழைய புடவை இருக்கும். லூர்து கொண்டுவந்து வைத்திருப்பாள். நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. போன வருஷம் அவள் ஆஸ்பத்திரியில். சாக்கைச் சுற்றினேன்.

இன்று பக்கத்தில் கை போட்டேன். ஒன்றும் இல்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்து அடியிலிருந்து ஒரு காட்டனை உருவினேன். மரக் கலரில் மஞ்சள் கட்டம். கிழித்தேன். பாதியைச் சுற்றி, கயிறு கட்டி, சமையல்கட்டு உத்தரத்தில் தொங்கவிட்டேன். மீதிப் பாதியில் கை துடைத்தேன்.

ஜா. வந்து உத்தரத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அவளை நர்சிங் காலேஜில் சேர்த்த அன்று லூர்து கட்டியிருந்த புடவையாம். வருஷப் பூசைக்கு ஜா. கட்டிக்கொள்ளத் துவைத்து, கஞ்சி போட்டு, கசங்காமல் இருக்க அடியில் வைத்திருந்தாளாம்.

"எத கிழிக்கலாம் எத கிழிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஒரு வருஷமா பாக்குறேன். உனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வந்துதா? அம்மா செத்தது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

வெளியே வந்து பெட்டியின் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று நான் சொன்னது நிஜம். இருபத்தாறு வருஷமாக லூர்துதான் எடுத்துக் கொடுத்தாள். இதை ஜா.விடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வரவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

ஜா. பேசவில்லை. சோறு வைத்துவிட்டுப் போகிறாள். பெட்டியின் பூத்த பாலிஷை ஸ்பிரிட் போட்டு எடுத்தேன்.

நவம்பர் 1, சனி

நல்ல வெயில். பத்து மணிக்கு மேல் பாலிஷ். மூன்று கை. பூக்கவில்லை. தட்டு இருந்த பள்ளத்தில் பலகை அடித்து வெள்ளைத் துணி விரித்தாச்சு. கீழே ரெகார்டு வைக்கிற தடுப்புகளை எடுத்துவிட்டேன், காலியாக இருக்கிறது. நடுக் கதவுக்குள் மரக் குழல் மட்டும் அப்படியே. சத்தம் வருகிற வழி. அதை எடுத்தால் பெட்டி ஆடும்.

நான் நன்றாக வேலை செய்திருக்கிறேன் என்று தெரிகிறது. அடுத்த வீட்டுக்காரன் செய்த மாதிரி இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி, சாமந்தி, ஊதுபத்தி. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. ஜா. கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், ரொம்ப நேரம். நான் பக்கத்தில் நின்றேன். சுற்றிலும் அழுகிறார்கள். எனக்குச் செருப்பில் முள் குத்தியது மட்டும் தெரிந்தது.

நவம்பர் 3, திங்கள்

பூசை ஆறு மணிக்கு. ஜா. வெள்ளைச் சுடிதார். புடவை கட்டவில்லை. கோவிலில் பெண்கள் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். சுரூபம் கச்சிதமாக உட்கார்ந்தது. போட்டோவில் லூர்து யாரோ பக்கத்திலிருந்து கூப்பிட்ட மாதிரி கொஞ்சம் திரும்பியிருக்கிறாள். எதிர்வீட்டம்மா, "பெட்டி அம்சமா இருக்குது சூசண்ணே, கடையில வாங்குனதா?" என்றாள். ஜா. உள்ளேயிருந்து, "எங்கப்பா பண்ணது" என்றாள். ஐந்து நாளில் என்னைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு.

பிரியாணி மீந்துவிட்டது.

ராத்திரி சாப்பிட்டதும் ஜா. பீரோவிலிருந்து அம்மா புடவைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, பெட்டியின் கீழ் அறையில் அடுக்கினாள். கதவைச் சாத்தினாள்.

"இதுலேர்ந்து ஒண்ணு எடுக்கணும்னாலும் எனக்கு போன் பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

"சரி."

"அந்தச் சரிய மொதல்ல நிறுத்துப்பா."

நவம்பர் 4, செவ்வாய்

ஈ.சி.ஆரில் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் கிடைத்தது. மாத்திரையை மறக்காதே என்றாள். பஸ் போனதும் டீ குடித்தேன். சர்க்கரை போட்டார்களா என்று தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை. விடிகாலையிலிருந்து விடவில்லை. பாத்திகள் எல்லாம் ஒரே வெள்ளக்காடு. சீசன் முடிந்தது. மேஸ்திரி அளத்து மோட்டார் மூன்றையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "சூசை, சாக்கு வேணாம். போன வருஷம் சாக்குல சுத்தி பேரிங் புடிச்சிக்கிச்சு. துணி போடு."

கிரீஸ் போட்டேன். கை கழுவினேன். பெட்டி முன்னால் உட்கார்ந்து ஜா.வுக்குப் போன் போட்டேன். டியூட்டி முடிந்து ஹாஸ்டலில் இருந்தாள்.

"மோட்டார் சுத்தணும்மா. எந்தப் பொடவைய எடுக்கட்டும்?"

பிறகு, "ஒண்ணொண்ணா சொல்லுப்பா" என்றாள்.

பச்சை, ஓரத்தில் மாங்காய் என்றேன். வேணாம், அது கிறிஸ்மஸுக்கு எடுத்தது. ரோஸில் வெள்ளைப் பூ என்றேன். அது சித்தி கொடுத்தது. இத்தனை புடவைக்கும் கதை இருக்கிறது, எனக்கு ஒன்று தெரியாது. அடுத்தது நீலம், காட்டன், நைந்துபோனது. ஓரத்தில் சின்னக் கிழிசல். எலி வேலை என்று நினைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எலி இல்லை. லூர்துதான் நான் கிழிக்க வசதியாக ஓரத்தைப் பல்லால் கடித்துத் திறந்து வைப்பாள். அதே இடம், முந்தானையிலிருந்து ஒரு சாண். போன வருஷத்துக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அதற்குள் காய்ச்சல்.

"அப்பா? அடுத்தது என்னா?"

நீலம் என்றேன். கடித்து வைத்திருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் அழுகைதான். எனக்கு இப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. வாசலில் மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஜா. போனை வைக்கவில்லை. அவளும் அழுதாள்.

பிறகு சொன்னாள். "அத உனக்குத்தான்பா எடுத்து வச்சிருக்குறாங்க. கிழி. நான் லைன்லயே இருக்குறேன்."

போனைப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கிழித்தேன். கோணலாகப் போனது.