முப்பது சரி, ஒரு கையெழுத்து

இல்லை, புது வீட்டுச் சாவியை நான் வாங்கவில்லை. அண்ணாச்சி நீட்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

விரல்களில் இன்னும் பட்டி வாசனை. பெயின்ட் அடிக்கும் முன் சுவரில் இழுத்துத் தேய்ப்பார்களே, அந்த வெள்ளை மாவு. இரண்டு முறை சோப்புப் போட்டேன். போகவில்லை. உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் உன் துப்பட்டாவிலிருந்து முகத்தில் அடிப்பதும் இதுதான். நான் பல்கலைக்கழகத்திலிருந்து புத்தகப் பையோடு வருவேன். நீ கட்டட வேலை நடக்கிற சைட்டிலிருந்து, புருவமெல்லாம் வெள்ளையாக. ஜங்ஷனில் ஆளுக்கொரு சர்பத். "ஏட்டி, நீ வாசிக்குத கவிதையில பூரா வீடு வருதே, ஒரு வீட்டுலயாவது கக்கூஸ் இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாய். பிறகு ஒவ்வொரு கவிதையிலும் தேடிப் பார்த்தேன். இல்லை.

நீ போய் ஏழு மாதம். நாலு வழிச்சாலை, லாரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

இன்று காலை எங்கள் புது வீட்டைப் பார்க்கப் போனோம், அம்மாவும் நானும். ரெட்டியார்பட்டி மலைக்கு அந்தப் பக்கம், ஒரே மாதிரி ஆறு வீடுகள். கடைசி எங்களுடையது. முதல் ஐந்தில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். நீ இஞ்சினியராக வேலை பார்த்த கட்டுமான நிறுவனம் என்பதால்தான் அம்மா தன் ஓய்வுப் பணத்தை அங்கே கொடுத்தாள். "அந்தப் பிள்ள இருக்கும்லா" என்றாள். வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்கு வேறு ஆள் முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது என்பாய். "நாளைக் குறிச்சுட்டு வீட்டைப் பாக்கப் போறிய. வீட்டைப் பாத்துட்டுல்லா நாளைக் குறிக்கணும்." சித்தி வீட்டுப் பால் காய்ச்சலில் வைத்து இதைச் சொன்னாய். பச்சை சுடிதார், தலையில் முக்காடு, கையில் கேசரி. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தரையைத் தட்ட ஆரம்பித்தாய். ஒவ்வொரு டைல்ஸாக, முட்டி போட்டு, காதைச் சாய்த்து. வந்தவர்கள் பந்திக்குப் போகாமல் உன்னைச் சுற்றி நின்றார்கள்.

சித்தி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏட்டி, சாப்பிட வந்தியா, ரெய்டு போட வந்தியா? புது வீட்டுல நின்னுக்கிட்டு நொட்டை சொல்லாத."

"நொட்டை இல்ல சித்தி. இங்கன கிண்ணுன்னு கேக்கு, அங்கன பொத்துன்னு கேக்கு. அடியில கலவையே இல்ல. கட்டிலைப் போட்டியன்னா உடைஞ்சிரும்."

"பாக்க நல்லாத்தான இருக்கு?"

"பட்டி பாத்த வீடும் பவுடர் போட்ட மாப்பிள்ளையும் ஒண்ணு சித்தி. மூஞ்சியைக் கழுவிவிட்டுப் பாத்துட்டுத்தான் சரிங்கணும்."

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா முகம் கழுவிவிட்டுத் துண்டோடு வந்தார். யாரும் சிரிப்பை அடக்கவில்லை. சித்தியும்தான்.

இன்று உன்னைப் போலவே செய்தேன். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். போக வேண்டிய துவாரத்துக்குப் போகாமல் வாசற்படியோரம் வந்து தேங்கியது. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தேன். மாடிக் குழாயில் நூல் மாதிரி வந்தது. ஒவ்வொரு பிளக்கிலும் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். இரண்டு செத்துக் கிடந்தன. ஜன்னல்களைச் சாத்தித் தாழ் போட்டுத் திறந்தேன். படியேறும்போது கால் இடறியது. மேலிருந்து மூன்றாவது படி மட்டும் மற்றதைவிட ஒரு விரல் உயரம். அம்மா முழங்காலைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள்.

"போதும்ட்டி. ஒண்ணொண்ணா நோண்டாத. வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் கெடக்கு?"

கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கிற அண்ணாச்சி கீழே கோப்போடு நின்றார். "சின்னச் சின்ன வேலைதான பாப்பா, ஆள் விட்டுச் சரி பண்ணிருவோம். மத்ததெல்லாம் இஞ்சினியர் பாத்தாச்சு. இந்தா, பாரம். கீழ ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுச் சாவியை வாங்கிக்கிடுங்க."

வீட்டைச் சோதித்துப் பார்த்ததாகச் சொல்லும் படிவம். முப்பது வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி. சரி. சரி. அடியில் உன் கையெழுத்து.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். ஒரு நொடி, முழுதாக ஒரு நொடி, நீ வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று மனசு ஆறியது. கடைசி எழுத்தை நீளமாக இழுத்து, அடியில் இரண்டு புள்ளி. பத்தாம் வகுப்பில் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நீ எழுதி எழுதிப் பழகிய அதே கையெழுத்து.

பிறகு தேதியைப் பார்த்தேன். போன புதன்கிழமை.

போன புதன்.

நீ இந்த வீட்டைக் கடைசியாகப் பார்த்தபோது சுவர் ஜன்னல் மட்டத்துக்குக்கூட வரவில்லை. கூரை இல்லை. நடு அறையாக வரப்போகிற இடத்தில் நின்று, மேலே வானத்தைக் காட்டி, "ஒங்க ஃபேன் இங்கன தொங்கும்" என்றாய். பாரத்தில் இருபத்திரண்டாம் வரி: மொட்டை மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தது, கசிவு இல்லை. சரி.

நீ பார்க்காத மாடி.

மாடிப்படிச் சுவருக்குப் பட்டி பார்த்ததோடு சரி, இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இதுல கையெழுத்துப் போட்டது யாரு?"

"இஞ்சினியரம்மா." அவர் பாரத்தைப் பார்க்கவில்லை.

"அவ செத்து ஏழு மாசமாச்சு."

அவர் கோப்பை மூடினார். திரும்பத் திறந்தார். "தெரியும் பாப்பா. அடக்கத்துக்கு நானும்லா வந்தேன்." குரலைத் தாழ்த்தினார்: "அந்தப் பிள்ள போன பெறவு வேற இஞ்சினியர் போடல. கையெழுத்து கம்ப்யூட்டர்ல கெடக்கு. பாரம் அடிக்கும்போது அதுவும் சேந்து வந்துரும். அந்தப் பிள்ள கையெழுத்துன்னா வாங்குதவுக மறுபேச்சுப் பேச மாட்டாவ."

"மாடியில தண்ணி கட்டிப் பாத்தியளா?"

"இல்ல."

"மத்த வீட்டுல?"

"அஞ்சும் அந்தப் பிள்ள போன பெறவு முடிஞ்சதுதான். எல்லாத்துக்கும் இதே பாரம். நான் சம்பளத்துக்கு நிக்குத ஆளு பாப்பா. என்னால என்ன சொல்ல முடியும்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாங்கள் உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். இவர்கள் உன்னை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அம்மா என் கையைப் பிடித்து இழுப்பாள், நாள் தவறும் என்பாள், கையெழுத்தைப் போடு என்பாள் என்று நினைத்தேன். அவள் தாளை வாங்கினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முப்பது வரியையும் படித்தாள். பிறகு புழுதித் தரையில், புதுச் சேலையோடு, அப்படியே உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ள எங்க வீட்டுல அத்தனை நாள் சாப்பிட்டிருக்கு. என் சாம்பாரையே ஒருநாளும் சரின்னு சொன்னதில்ல. அது பேர்ல முப்பது சரி போட்டிருக்கானுவளே."

செல்போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டாள். "ஏட்டி, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சல. ஆமா, பத்திரிகை குடுத்தாச்சு. அதுக்கு என்ன செய்ய? வீட்டை இன்னும் பாக்கல."

மாதக் கடைசியில் நாங்கள் எங்கே இருப்போம் என்று தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

ஏழு மாதமாக நான் அந்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை. உன்னைக் கடைசியாகப் பார்த்த இடம் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். துக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். யாரும் வராமல் இருந்தது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோது மேலப்பாளையத்தில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, நீ பார்த்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பேட்டையில் இரண்டு, கல்லிடைக்குறிச்சியில் ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் ஆறு. "ஒண்ணுலயும் ஒரு சொட்டு ஒழுகாது, என் மவ பாத்தது" என்றார்கள். அந்த ஆறை இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அடைமழை வந்து அந்த மாடிகளில் எது ஒழுகினாலும், நிறுவனத்தில் கோப்பைத் திறப்பார்கள். உன் பெயர்தான் இருக்கும். உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யார் வாயிலிருந்தாவது முதலில் கேட்டால் அது என்னிடமிருந்துதான் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

நான் எதைச் சொன்னாலும் நீ ஒரு கேள்வி கேட்பாய். பரீட்சை முடிவு, பேருந்து நேரம், யார் யாரைக் காதலிக்கிறார்கள், எதுவானாலும். "பாத்தியா? இல்ல, பாத்த மாதிரி இருந்துச்சா?" எரிச்சலாக வரும். பல நாள் பதில் சொல்லாமல் போயிருக்கிறேன். உன்னுடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. இந்தக் கேள்விதான் இருக்கிறது.

பாரத்தில் என் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதித் தேதி போட்டேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பிறகு வரிசையின் முதல் வீட்டுக்குப் போனேன். கம்பியில் குழந்தைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவைத் தட்டினேன்.