வெயிலைக் காட்டச் சொன்னாய்

இன்று காலை கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். "அக்கா, நாங்க கேமரன் மலை போறோம் லா. உங்க ஸ்கூல் கூட்டாளியோட அந்தத் தடிச்ச குளிர் ஜாக்கெட் சும்மாதானே கிடக்கு? ரெண்டு நாளைக்குக் குடுங்களேன்." பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு அலமாரியைத் திறந்தேன். உன் வீட்டார் என்னிடம் கொடுத்துவிட்ட உன் கோட்டின் கழுத்துப் பட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. பின்லாந்தில் மூன்று குளிர்காலம் தாங்கிய கோட்டு, பினாங்குப் புழுக்கத்தில் ஒரு வருடம் தாங்கவில்லை. பைக்குள் கையை விட்டேன். ஒரு தைலக் குப்பி அகப்பட்டது. நான் அனுப்பியதுதான். மூடியைக்கூட நீ திறக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் உன் மேல், பிறகு எல்லார் மேலும்.

ஜுருவில் நீ வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து உன்னைப் பின்லாந்துக் கிளைக்கு அனுப்பியபோது, பாகான் டாலாமில் உன் அண்ணன் வீட்டில் விருந்து நடந்ததே, நினைவிருக்கிறதா? "குடுத்து வச்சவ! ஊரு முழுக்க ஏர்கோன், பில்லு கட்டவே வேணாம்" என்றார் உன் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். குளிர் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். அதிகமானால் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு.

முதல் வருடம் பனியில் விளையாடிப் படம் அனுப்பினாய். இரண்டாவது வருடம் உன் குரல் மாறியது. "குளிர சமாளிச்சிடலாம்டி. நாலு சட்டை போட்டா தீந்துச்சு. இந்த இருட்டுக்கு என்னத்தப் போடுறது?" என்று கேட்டாய். பத்து மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது, இரண்டு மணிக்கெல்லாம் போய்விடுகிறது, இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே திரும்புகிறேன் என்றாய். சாப்பாடு இறங்கவில்லை, எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை என்றாய். தெளிவாகத்தான் சொன்னாய். கேட்டவர்கள்தான் செவிடாக இருந்தோம்.

நாங்கள் கண்டுபிடித்த நோய் என்ன தெரியுமா? காற்று. "உடம்புல காத்து பூந்துருச்சு" என்று உன் அண்ணி சொன்னார், நானும் தலையாட்டினேன். இங்கே வயிறு உப்பினாலும் காற்று, மனசு சரியில்லை என்றாலும் காற்று. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒற்றுமையாக நம்புகிற ஒரே நோய். அதற்கு வைத்தியம் தைலம். பசாருக்குப் போய் ஒரு டஜன் தைலக் குப்பி வாங்கி அனுப்பினேன். உள்ளங்காலில் தேய்த்துக் காலுறை போட்டுக்கொள் என்று குரல் பதிவு வேறு. சூரியன் இல்லை என்று சொன்னவளுக்குத் தைலம் அனுப்பிய புத்திசாலி நான்.

உன்னோடு வேலை செய்த அந்த ஊர்ப் பெண்மணி உனக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்தாள். கண் கூசும் வெள்ளை வெளிச்சம். காலையில் அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார வேண்டும், மதிய இடைவேளையில் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நடக்க வேண்டும், தனியாகக் கிடக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். நீ அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாய். நான் என்ன செய்தேன்? "லைட்டு முன்னால உக்காந்து சாமி கும்புடுறியா?" என்று கேலி செய்தேன். அங்கேயே பிறந்தவர்கள் அந்த இருட்டுக்குப் பயந்து வழி தேடுகிறார்கள். சுங்கை பினாங்கில் அடுக்குமாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அழைக்கும்போது இங்கே மதியம் இரண்டு மணி, அங்கே காலை எட்டு. உன் பின்னால் ஜன்னல் கறுப்பாக இருக்கும். "வெயிலக் காட்டுடி" என்பாய். போனை நடைவழிப் பக்கம் திருப்புவேன். துணி காயும் கொடி, எதிர் புளோக், சுவரெல்லாம் எரிகிற வெயில். "இன்னும் கொஞ்சம்" என்பாய். நான் பத்து விநாடி பிடிப்பேன். "போதும்டி, கை சுடுது. இங்க வெயிலு கொல்லுது, நீ தப்பிச்ச!" என்று சொல்லி நடைவழியின் மூங்கில் திரையை இழுத்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு நேராகவே கேட்டாய். "நான் திரும்பி வந்துடவா?" அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "பைத்தியமா உனக்கு? ஊரே உன்னப் பத்திப் பெருமையா பேசுது. இருட்டா இருக்குன்னா ஒருத்தி வேலைய விடுவா? இன்னும் ஒரு வருஷம் பல்லக் கடிச்சுக்கோ." நீ "ஓகே லா" என்றாய். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஓகே லாதான். ஏனடி சண்டை போடவில்லை? ஐந்தாம் வகுப்பில் பென்சிலுக்காக என் கையைக் கடித்தவள்தானே நீ?

மூன்றாவது குளிர்காலத்தில், இன்னும் விடியாத ஒரு காலை, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாய். தலையில் அடி. இரண்டு நாள்தான் தாங்கினாய். எட்டாம் நாள் படையலில் ஒருவர் என்னிடம், "என்னம்மா செய்யறது, அவ விதி" என்றார். விதியாம்! வரவா என்று கேட்டவளை வராதே என்று சொன்னது விதியா, நானா? அவரிடம் கேட்கவில்லை. தட்டில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து வெயில் கொல்கிறது என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. லிஃப்டில் யாராவது சொன்னால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

மதியம் பூஞ்சையைத் துடைத்து, உன் கோட்டை நடைவழிக் கொடியில் மாட்டினேன். முகம் எதிர் புளோக்கைப் பார்க்கிற மாதிரி, பொத்தான்களைத் திறந்துவிட்டு. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கை சுட்டது. திரையை இழுக்கவில்லை. நாலு மணிக்குக் கீழ்வீட்டுக்காரி ஏறி வந்தாள். "காஞ்சிருச்சே அக்கா, எடுத்துக்கவா?"

"இல்ல தங்கச்சி," என்றேன். "அவளுக்கு இன்னும் போதல."